இருட்டுக்கு டம்ளர், வெயிலுக்கு டபரா

2023-ல் ‘தி கிரியேட்டர்’ வெளியானதிலிருந்து, சொந்தமாகப் படம் எடுக்க நினைப்பவர்களிடம் ஒரு கேள்வி ஓயவே இல்லை: “சோனி எஃப்எக்ஸ்3 வாங்கினால் போதுமா?” கேரத் எட்வர்ட்ஸ் இயக்கிய அந்த அறிவியல் புனைவுப் படம், கல்யாண வீடியோ எடுப்பவர்கள்கூட வைத்திருக்கும் அந்தக் குட்டிக் கேமராவில்தான் எடுக்கப்பட்டது. பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து எடை 715 கிராம். 2021-ல் அறிமுகமானபோது அமெரிக்காவில் விலை 3,900 டாலர். படமோ விஷுவல் எஃபெக்ட்ஸ், ஒலி என இரண்டு பிரிவுகளில் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கேமரா விற்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

விளம்பரங்கள் சொல்லாமல் விடும் கணக்கு ஒன்று உண்டு. படத்தின் பட்ஜெட் சுமார் 8 கோடி டாலர். கேமராவின் விலை அதில் இருபதாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒளிப்பதிவைக் கிரெய்க் ஃப்ரேசரும் ஓரன் சாஃபரும் பார்த்துக்கொண்டார்கள். ஃப்ரேசர், ‘டியூன்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். ரோபோக்களைக் காட்சியில் பொருத்திக்கொடுத்தது இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக். இவர்கள் யாரும் கேமரா டப்பாவுக்குள் இலவச இணைப்பாக வருவதில்லை.

அதற்காக எட்வர்ட்ஸ் கஞ்சத்தனத்தால் அந்தக் கேமராவைப் பிடித்தார் என்றும் சொல்ல முடியாது. சின்ன யூனிட், நிறைய ஊர்கள், போகிற இடமெல்லாம் லைட்டுகளை இறக்கி ஏற்ற நேரமில்லாத படப்பிடிப்பு. அதற்கு உதவியது எஃப்எக்ஸ்3-யின் விவரப் பட்டியலில் ஓரமாக நிற்கும் ஒரு வரி: டூயல் பேஸ் ஐஎஸ்ஓ (இரண்டு அடிப்படை உணர்திறன் எண்கள்), 800 மற்றும் 12,800. கொட்டை எழுத்தில் 4கே, 120 ஃபிரேம் என்று போட்டிருப்பதையெல்லாம்விட இந்த வரியில்தான் சரக்கு இருக்கிறது.

வெளிச்சம் பட்டால் சிலிக்கானில் எலக்ட்ரான் விடுபடும் என்பது தெரிந்த கதை. விடுபட்டதை எண்ணுவது எப்படி? ஒவ்வொரு பிக்ஸலிலும் மிகச்சிறிய மின்தேக்கி ஒன்று உண்டு. ஃபிரேமுக்கான நேரம் முடிந்ததும், சேர்ந்த எலக்ட்ரான்கள் எல்லாம் அதில் இறங்கும். அங்கே எழும் மின்னழுத்தத்தை வெளியிலுள்ள சுற்று அளக்கும். அளக்கிற சுற்றுக்கென்று ஒரு நடுக்கம் உண்டு. இருட்டுக் காட்சியில் பொடிப்பொடியாக நெளிகிறதே, ஒளிப்பதிவாளர்கள் ‘நாய்ஸ்’ என்று திட்டுவது, அதில் ஒரு பங்கு இந்த நடுக்கம்தான்.

காபி குடிக்கிற டபரா செட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஸ்பூன் டிக்காஷனை டபராவில் விட்டால் அடியில் கறைபோலப் பரவும். அதையே ஒடுக்கமான டம்ளரில் விட்டால் ஒரு விரற்கடை நிற்கும். கை நடுங்கும் ஒருவர் ஸ்கேல் வைத்து ஆழத்தை அளக்கிறார். நடுக்கம் இரண்டு பாத்திரத்திலும் ஒரே அளவுதான். டபராவில் அது டிக்காஷனையே விழுங்கிவிடும், டம்ளரில் பொருட்டாகவே இருக்காது. மின்தேக்கியின் கொள்ளளவு குறையக் குறைய, ஒவ்வொரு எலக்ட்ரானும் எழுப்பும் மின்னழுத்தம் கூடுகிறது. சூட்சுமம் இவ்வளவுதான்.

எண்களில் பார்த்தால் இன்னும் ருசி. ஒரு ஃபாரடைக் கோடி பங்காக்கி, அதில் ஒன்றை மறுபடி பத்துக் கோடி பங்காக்கினால் கிடைப்பது ஒரு ஃபெம்டோஃபாரட். 1.6 ஃபெம்டோஃபாரட் கொண்ட டம்ளரில் ஒரே ஓர் எலக்ட்ரான் விழுந்தால் 100 மைக்ரோவோல்ட் எழும். 6.4 ஃபெம்டோஃபாரட் டபராவில் அதே எலக்ட்ரானுக்கு 25 மைக்ரோவோல்ட்தான். அளக்கும் சுற்றின் நடுக்கம் 300 மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொண்டால், டம்ளரில் அது 3 எலக்ட்ரானுக்குச் சமம், டபராவில் 12. கதாநாயகியின் கன்னத்தில் நிழல் விழுந்த இடத்திலிருந்து வருவதே பத்து எலக்ட்ரான்தான் என்றால், முதல் பாத்திரத்தில் கன்னம் தெரியும், இரண்டாவதில் நெளியும் பொடிதான் தெரியும்.

அப்படியானால் எப்போதும் டம்ளரிலேயே ஊற்றலாமே? ததும்பிவிடும். ஒரு வோல்ட் வரை அளக்க முடியும் என்றால் டம்ளர் 10,000 எலக்ட்ரானில் நிரம்பும், டபரா 40,000 கொள்ளும். வீட்டில் டம்ளர் வழிந்தால் டபராவில் சிந்தியதை எடுத்துக் குடித்துக்கொள்ளலாம். சென்சாரில் சிந்தியது போனதுதான். ஜன்னலுக்கு வெளியே வானம் வெள்ளையாக ‘பர்ன்’ ஆகிவிடும்.

இந்த உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கலாம், தாங்கும். கழுவிக் கவிழ்த்த டம்ளரிலும் சில துளி ஒட்டியிருக்கும். நமது 1.6 ஃபெம்டோஃபாரட் மின்தேக்கியை அறை வெப்பத்தில் எத்தனை முறை காலி செய்தாலும், வெப்ப அலைச்சலால் 16 எலக்ட்ரான் அளவுக்கு மிச்சம் கூடவோ குறையவோ இருக்கும். வருவதே பத்து, மிச்சம் பதினாறு என்றால் அளந்து என்ன பயன்? அதனால் சென்சார் ஊற்றுவதற்கு முன் ஒருமுறை, ஊற்றிய பின் ஒருமுறை அளந்து, முதலாவதை இரண்டாவதிலிருந்து கழித்துவிடுகிறது. ஒவ்வொரு பிக்ஸலிலும், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இதே வேலை. எந்த மாமியாரும் மருமகளின் காபியை இவ்வளவு கறாராக அளந்திருக்கமாட்டார்.

பிக்ஸலுக்குள் டம்ளரும் டபராவும் தனித்தனியாக இல்லை. சின்ன மின்தேக்கியோடு இன்னொன்றைச் சேர்க்கவும் விலக்கவும் ஒரு டிரான்சிஸ்டர் சுவிட்ச். இரட்டை ஐஎஸ்ஓ என்று விற்கப்படும் பெரும்பாலான சென்சார்களில் வித்தை இதுதான், நிறுவனத்துக்கு நிறுவனம் நுணுக்கம் மாறும். 2020-ல் வந்த கேனன் சி70 ஒருபடி மேலே போய், ஒரே ஃபிரேமை அதிகப் பெருக்கத்தில் ஒன்று, குறைந்த பெருக்கத்தில் ஒன்று என இரண்டாக வாசித்து, நிழலை முதலாவதிலிருந்தும் வானத்தை இரண்டாவதிலிருந்தும் எடுத்துத் தைக்கிறது. ஹாலிவுட்டின் செல்லக் கேமராவான ஆரி அலெக்ஸா 2010-லிருந்தே இரட்டை வாசிப்பைச் செய்துவருகிறது. அதனால் ‘புரட்சி’ என்ற சொல்லைக் கேட்டால் பர்ஸைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, எந்தச் சுவிட்சாலும் வெளிச்சத்தை உண்டாக்க முடியாது. ஃபோட்டான்கள் வரிசையில் நின்று வருவதில்லை. சராசரியாக 100 வரவேண்டிய இடத்தில் 90 வரும், 110 வரும். அந்த ஏற்ற இறக்கம் இயற்கையின் சொத்து. கேமராவை மாற்றினால் போகாது. “இருட்டிலேயே படம் எடுக்கலாம், லைட் வேண்டாம்” என்பவர் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்.

வரலாறு இல்லாமல் விட்டால் ஆசிரியர் கோபித்துக்கொள்வார், ஆகவே ஒரு பத்தி. 1969-ல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாய்லும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்ற சென்சார் வகையை உருவாக்கினார்கள். 1990-களில் நாசாவின் ஜெட் புரபல்ஷன் ஆய்வகத்தில் எரிக் ஃபாஸம் குழு இன்றைய சிமாஸ் சென்சாருக்கு வழி போட்டது. பி.சி. ஸ்ரீராமின் ‘வானம் வசப்படும்’ 2004-லேயே டிஜிட்டலில் வந்தது. பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ (2012) ஸ்டில் கேமராவில் எடுக்கப்பட்டது. இவற்றைவிடச் சுவாரசியமானது 1975-ன் ‘பாரி லிண்டன்’. மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே எடுக்க வேண்டும் என்று ஸ்டான்லி குப்ரிக் பிடிவாதம் பிடித்து, எஃப் 0.7 துளை கொண்ட ஜைஸ் லென்ஸைத் தேடிப்பிடித்தார். 100 வேக ஃபிலிமை லேபில் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, தள்ளி 200 ஆக்கினார்கள். 200-லிருந்து 12,800 வரை ஆறு ஸ்டாப். எஃப் 0.7-லிருந்து ஆறு ஸ்டாப் இறங்கினால் எஃப் 5.6. அதாவது குப்ரிக் உலகத்தைப் புரட்டி வாங்கிய எக்ஸ்போஷர், இன்று எஃப்எக்ஸ்3-யில் சாதாரண லென்ஸில் கிடைக்கும். அவருடைய நடிகர்கள் தலையைக் கொஞ்சம் அசைத்தாலே ஃபோகஸ் போய்விடும், 5.6-ல் அந்தக் கவலையும் குறைவு.

சரி, எதை வாங்குவது? வேகமாகப் பார்த்துவிடலாம். இருட்டில் கிடைத்த லாபம் வெயிலில் செலவாகும். நிழலையும் வெளிச்சத்தையும் சேர்த்துக் காப்பாற்றும் சோனியின் எஸ்-லாக்3 பதிவில் எஃப்எக்ஸ்3-யின் கீழ் எண்ணே 800. உச்சி வெயிலில் 1/50 நொடி ஷட்டர், எஃப் 2.8 என்று வைத்தால் ஒன்பது ஸ்டாப் அதிக வெளிச்சம். அதாவது 512-ல் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் எஃப்எக்ஸ்3-யின் உள்ளே கிடையாது. லென்ஸின் முன்னால் திருகி, கழற்றி, விரல்ரேகை துடைத்து, மறுபடி திருகுவதை உதவியாளர் இல்லாத ஒருவர் நாளெல்லாம் செய்ய வேண்டும். வயல், கடற்கரை, சந்தை என்று பகலில் எடுக்கும் ஆவணப்படக்காரருக்கு உள்ளேயே என்டி உள்ள சி70-யோ, சோனி எஃப்எக்ஸ்6-ஓ, பிளாக்மேஜிக் பாக்கெட் 6கே புரோவோ பொருந்தும்.

பிளாக்மேஜிக் தன் பாக்கெட் 4கே-யை 2018-ல் வெறும் 1,295 டாலருக்கு, டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ என்ற எடிட்டிங் மென்பொருளையும் சேர்த்துத் தந்தது. தோல் நிறம் அழகாக வரும். பேட்டரி பசி அதிகம். நகரும் ஆளைத் தொடர்ந்து துரத்தும் ஆட்டோஃபோகஸ் இல்லை. ஃபோகஸ் புல்லர் உள்ள நான்கு பேர் யூனிட்டுக்கு இது குறையே அல்ல. ஒற்றை ஆளாகக் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுபவர், எடிட்டிங்கில் உட்கார்ந்து பாதி ஷாட்டுகளைத் தூக்கிப்போட நேரும். அவருக்குச் சோனியின் கண்ணைப் பிடித்துக்கொள்ளும் ஃபோகஸ், 6கே-யைவிடப் பெரிய வரம். எஃப்எக்ஸ்3-யின் சென்சார் 12 மெகாபிக்ஸல்தான் என்று உதட்டைப் பிதுக்குபவர்கள், 4கே படத்துக்கு 83 லட்சம் பிக்ஸல் போதும் என்பதைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். அதே கேமராவின் உயர்தர 4கே பதிவு, நொடிக்கு 24 ஃபிரேமில் ஒரு மணி நேரத்துக்கு 108 ஜிபி பிடிக்கும். ஹார்ட் டிஸ்க் கணக்கை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

வாங்கிய பிறகும் பலர் தவறவிடுவது அந்தச் சுவிட்ச் எங்கே விழுகிறது என்பதை. பாக்கெட் 4கே-யில் ஐஎஸ்ஓ 1000 வரை டபரா, 1250-லிருந்து டம்ளர். இருட்டில் பயந்து 1000-லேயே நிற்பவருக்கு 1250-ஐவிட மோசமான நாய்ஸ் கிடைக்கும். எஃப்எக்ஸ்3-யின் எஸ்-லாக்3-யிலும் 6,400-ஐவிட 12,800 சுத்தம். எண் குறைந்தால் படம் சுத்தம் என்ற பழைய ஃபிலிம் காலப் பாடம் இங்கே காலை வாரிவிடுகிறது. கடையிலோ வாடகைக்கு எடுக்கும் இடத்திலோ சோதிக்க ஐந்து நிமிடம் போதும்: லென்ஸ் மூடியைப் போட்டு, லாக் பதிவில் ஒவ்வொரு ஐஎஸ்ஓ எண்ணிலும் பத்து நொடி ஓட்டி, கம்ப்யூட்டரில் பிரைட்னஸை ஏற்றிப் பார்க்க வேண்டும். எண் ஏற ஏறப் பொடிகள் பெருகிக்கொண்டே போகும். ஓர் எண்ணில் சட்டென்று அடங்கி, அதற்கப்பால் மறுபடி பெருகும். அடங்குகிற அந்த எண்ணைக் கேமராவின் முதுகில் டேப் ஒட்டி எழுதிவைத்துக்கொள்ளலாம்.