மரம் நட்டா போதுமா? ஊட்டி புல்வெளி கேட்கிற கேள்வி

ஊட்டி பக்கம் அவலாஞ்சி போயிருந்தேன். மலை முழுக்க சீகை மரம். "என்ன பசுமை!"ன்னு சொன்னேன். கூட வந்த உள்ளூர் அண்ணன் சிரிச்சார்: "தம்பி, இது புல்வெளியா இருந்த இடம். சீகை, வெள்ளைக்காரங்க ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த மரம்."

அப்போதான் காம்பா நிதி ஞாபகம் வந்துச்சு. ரோடு, சுரங்கம்னு காட்டு நிலத்தை எடுக்கிறவங்க, ஈடா வேற இடத்துல காடு வளர்க்கவும், இழந்த காட்டோட மதிப்புக்கும் பணம் கட்டணும். 2016 சட்டப்படி அதில் 90 சதவீதம் மாநிலத்துக்கு, 10 சதவீதம் தேசிய நிதிக்கு. 2019-ல் மட்டும் மாநிலங்களுக்குப் போனது 47,000 கோடி ரூபாய்க்கு மேல்.

சிக்கல் எங்கன்னா, 'ஈடு'ன்னாலே மரக்கன்றுதான். எண்ணிக் காட்டுறது சுலபம். ஆனா நீலகிரி உச்சியில் சோலையும் புல்வெளியும் சேர்ந்ததுதான் காடு. மழைத்தண்ணியைப் பிடிச்சு ஓடைக்கு விடுறது புல்வெளி. வரையாடு மேயுறதும் அங்கதான். அங்க மரம் நடுறதைவிட, சீகையை அகற்றிப் புல்லை மீட்கிறதுதான் பாதுகாப்பு. தமிழ்நாடு அரசு 25.14 கோடி ரூபாயில் நடத்துற வரையாடு திட்டத்துல இந்த வேலையும் இருக்கு.

அடுத்த தடவை "இத்தனை லட்சம் கன்று நட்டோம்"னு செய்தி வந்தா, ஒண்ணு மட்டும் கேளுங்க: அங்க முன்னாடி என்ன இருந்துச்சு?