வரி தொடாத காசு – 14: தொலையாத 11 நாள்

பிரிட்டனில் டெஸ்ஸா என்ற வரியில்லாச் சேமிப்பில் புதிய கணக்குகள் 1999 ஏப்ரலில் நின்றுபோய், அந்த இடத்தில் அப்போதைய நிதியமைச்சர் கார்டன் பிரவுனின் ஐசா என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கு வந்து உட்கார்ந்தது வரை போன இதழில் பார்த்தோம். தவறவிட்டவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பச் சொல்ல இடமில்லை.

இந்த வாரத்துக்கு வாக்குக் கொடுத்தது இரண்டு விஷயம். பிரிட்டனில் ஒருவர் தன் பழைய ஐசாவில் கிடக்கும் சேமிப்பை நிலையான வட்டி தரும் ஐசாவுக்கு எப்படி மாற்றுகிறார் என்பது ஒன்று. தவணைக்கு முன்னால் உடைத்தால் எவ்வளவு போகும் என்பது இன்னொன்று. முதலாவதை முடித்துவிடுவேன். இரண்டாவது, பார்ப்போம்.

லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பல வருடமாகச் சிறுகச் சிறுகப் போட்டு ஐசாவில் 32,000 பவுண்டு சேர்த்திருந்தார். வட்டியோ சொற்பம். வேறொரு வங்கி இரண்டு வருட நிலைவட்டி ஐசாவுக்கு நல்ல விகிதம் அறிவித்திருப்பதைப் பார்த்துவிட்டு, முழுப் பணத்தையும் தன் நடப்புக் கணக்குக்கு எடுத்தார். மறுநாள் புதிய ஐசாவில் போடப் போனால் 20,000 பவுண்டோடு கதவு மூடிக்கொண்டது. மீதி 12,000 பவுண்டு வெளியே நிற்கிறது. “என்ர காசுதானே தம்பி, நானே எடுத்து நானே போட்டால் என்ன பிழை?” என்று கேட்கிறார்.

பிழை எடுத்ததில்தான் அக்கா. வரிவிலக்கு ஒட்டிக்கொண்டிருப்பது கணக்கில். பணம் அங்கிருந்து உங்கள் கைக்கு வந்த நொடியில் அது வெறும் பணம். பந்தியில் பாதியில் எழுந்து கைகழுவியவருக்கு மறுபடி அதே இலையில் சோறு விழாது. திரும்ப உள்ளே வர வேண்டுமானால் அந்த வருடத்துக்கான புது வரம்புக்குள்தான் வரவேண்டும். அந்த வரம்பு 2017 ஏப்ரலிலிருந்து 20,000 பவுண்டு, எல்லா வகை ஐசாவுக்கும் சேர்த்து. எடுத்த பணத்தை அதே கணக்கில், அதே வரி ஆண்டுக்குள் திரும்பப் போட அனுமதிக்கும் ஒரு வகை ஐசாவும் உண்டு. ஆனால் எல்லா வங்கியும் அதைத் தருவதில்லை. வேறு வங்கிக்குத் தாவுகிறவருக்கு அதனால் பயனும் இல்லை.

சரியான வழி கேட்கவே அலுப்பாக இருக்கும், அவ்வளவு எளிது. பழைய வங்கிப் பக்கமே போகக் கூடாது. புதிய வங்கியில் கணக்குத் திறந்து, மாற்றல் படிவத்தில் பழைய ஐசாவின் எண்ணை எழுதி, முழுவதுமா பகுதியா என்று குறித்துக் கொடுத்தால் போதும். புதிய வங்கி பழைய வங்கியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ரொக்க ஐசாவிலிருந்து ரொக்க ஐசாவுக்கு மாற 15 வேலை நாளுக்கு மேல் ஆகக் கூடாது என்பது விதி. முந்தைய வருடங்களில் சேர்த்த பணம் எவ்வளவு மாறினாலும் இந்த வருட வரம்பில் ஒரு பென்னி குறையாது. வாசகி இப்படிச் செய்திருந்தால் 32,000 பவுண்டும் உள்ளேயே இருந்திருக்கும். புதிதாக 20,000 போடவும் இடம் இருந்திருக்கும்.

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எல்லா நிலைவட்டி ஐசாவும் வெளியிலிருந்து வரும் பழைய பணத்தை ஏற்பதில்லை. விளம்பரத்தில் வட்டி கொட்டை எழுத்தில் இருக்கும், இது பொடி எழுத்தில் இருக்கும்.

இத்தனை சொல்லியும் மார்ச் கடைசியில் அங்கே ஒரே பரபரப்பு. ஏப்ரல் 5 நள்ளிரவோடு அந்த வருட வரம்பு காலாவதி. பயன்படுத்தாததை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடியாது. அதென்ன ஏப்ரல் 5? மாதக் கடைசியும் இல்லை, முதல் தேதியும் இல்லை. இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து ஆட்டியது இந்தத் தேதிதான்.

விடை 1752இல் இருக்கிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதி கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறிய பிறகும் இங்கிலாந்து பழைய ஜூலியனையே பிடித்துக்கொண்டு 11 நாள் பின்தங்கியிருந்தது. அங்கே ஆண்டு பிறந்ததே மார்ச் 25இல். நாடாளுமன்றம் கடைசியில் ஒரு சட்டம் போட்டு, ஆண்டுப் பிறப்பை ஜனவரி 1க்கு நகர்த்தியது. அதனால் அங்கே 1751ஆம் ஆண்டுக்கு 282 நாள்தான் ஆயுள். அடுத்த வருடம் செப்டம்பர் 2, புதன்கிழமை இரவு படுத்தவர்கள் செப்டம்பர் 14, வியாழக்கிழமை விழித்தார்கள்.

“எங்கள் 11 நாளைத் திருப்பிக் கொடு” என்று ஜனங்கள் கலவரம் செய்ததாக ஒரு கதை உண்டு. ஹோகார்த் வரைந்த தேர்தல் விருந்து ஓவியத்தில் தரையில் கிடக்கும் பதாகையைத் தவிர அதற்குப் பெரிய சாட்சி கிடையாது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

கலவரத்தைவிட எனக்குப் பிடித்தது அந்தச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பிரிவு. மார்ச் 25 என்பது குத்தகை, வட்டி, கணக்கு எல்லாம் தீர்க்கும் நாள். நடுவில் 11 நாளை வெட்டிவிட்டால் 354 நாளிலேயே அடுத்த மார்ச் 25 வந்துவிடும். கடன் வாங்கியவர் 11 நாள் குறைவாகப் பணத்தை வைத்திருந்து முழு வருட வட்டி கட்ட வேண்டியிருக்கும். சட்டம் எழுதியவர்கள் அதை விடவில்லை. எந்தக் குத்தகையும் எந்த வட்டியும் இந்த மாற்றத்தால் முன்கூட்டி விழாது என்று எழுதிவைத்தார்கள். மார்ச் 25இல் தீர்க்க வேண்டியது ஏப்ரல் 5இல் தீர்ந்தது. நாட்காட்டியில் 11 நாள் போயிற்று, வட்டிக் கணக்கில் ஒரு நாள்கூடப் போகவில்லை.

வரிக் கணக்கும் அந்த 11 நாளைத் தள்ளிக்கொண்டு வந்து ஏப்ரல் 5இல் நின்றது. அதில் ஒரு நாள் 1800இல் சேர்ந்தது என்பது ஒரு கட்சி, முதலிலிருந்தே அப்படித்தான் என்பது மறு கட்சி. நான் இரண்டாவது கட்சி.

பிரிட்டிஷ் அரசு தன் வரவு செலவுக் கணக்கை 1854இல் மார்ச் 31க்கு மாற்றிக்கொண்டது. ஜனங்களின் வருமான வரியை மட்டும் பழைய தேதியிலேயே விட்டுவிட்டது. அதுவரை மே 1இல் தொடங்கிய இந்திய நிதியாண்டை 1867இல் ஏப்ரல் 1க்கு இழுத்ததும் லண்டன் கணக்கோடு ஒத்துப்போகத்தான். நம் கிராமக் கணக்கு மட்டும் இதில் எதிலும் சேரவில்லை. பசலி ஆண்டு ஜூலை 1இல் பிறக்கிறது. 2025 ஜூலையில் பிறந்தது பசலி 1435. தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடப்பது அந்தக் கணக்கில்தான். மூன்று ஆண்டுத் தொடக்கங்களுக்கு நடுவே வாழ்ந்துகொண்டு நாம் சித்திரை முதல் தேதி வேறு கொண்டாடுகிறோம்.

ஆசிரியர் முறைக்கிறார், ஐசாவுக்கு வந்துவிடுகிறேன்.

பழைய பணத்தை மாற்றுவதற்கு ஏப்ரல் 5 கெடு கிடையாது. ஆகஸ்டிலும் மாற்றலாம். கெடு இருப்பது புதுப் பணத்துக்கு. அந்தப் புதுப் பணத்துக்கும் 2027 ஏப்ரல் 6 முதல் கத்தரி விழுகிறது. நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தபடி, 65 வயதுக்கு உட்பட்டவர்கள் ரொக்க ஐசாவில் வருடத்துக்கு 12,000 பவுண்டுதான் போட முடியும். 20,000 என்ற மொத்த வரம்பில் மீதியைப் பங்குகள் பக்கம் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கும் பணத்துக்கு இதனால் சேதமில்லை. ஆகவே பழைய ஐசாவில் இருப்பதை வெளியே எடுப்பது இனி முன்னைவிட நஷ்டம். எடுத்ததைத் திரும்ப உள்ளே தள்ளும் வாசல் சிறுத்துவிடும்.

தவணைக்கு முன் உடைப்பது பற்றி ஒரு வரி மட்டும். சாதாரண நிலைவட்டி வைப்பைப் போல நிலைவட்டி ஐசாவை வங்கி முழுசாகப் பூட்டிவைக்க முடியாது. கேட்டால் விட்டாக வேண்டும். அதற்கு 90 நாள் வட்டி, 180 நாள் வட்டி என்று பிடித்துக்கொள்ளும். அந்தக் கணக்கை அடுத்த வாரம் போடுவோம், இடமிருந்தால்.

அதற்குள், அங்கே அக்காவோ சித்தப்பாவோ இருப்பவர்கள் இன்றைக்கே ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள்: ஐசாவை மாற்றுவதென்றால் பணத்தைக் கையில் வாங்காதீர்கள், புதிய வங்கியில் மாற்றல் படிவம் கேளுங்கள்.