ஆளை விடப் பெரிய வாள்

ஆளை விடப் பெரிய வாளைச் சுமந்துகொண்டு திரியும் வீரன் யார்? வீட்டிலுள்ள இளசுகளிடம் கேட்டுப் பாருங்கள். ‘கட்ஸ்’ என்று பதில் வந்தால், அவர்கள் ‘பெர்செர்க்’ வாசிக்கிறார்கள். கென்டாரோ மியூரா 1989இல் தொடராகத் தொடங்கிய ஜப்பானியச் சித்திரக்கதை அது. கோட்டை, பேய்க்கூட்டம், இருண்ட காடு என்று ஒவ்வொரு பக்கமும் கல்லில் செதுக்கியது போலிருக்கும். ஆனால் சில காட்சிகளின் கொடூரம் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லும். சிறுவர்களுக்கு உரியதே இல்லை.

திருகோணமலைக்காரருக்கு இதெல்லாம் புதிதா என்ன? கோணேசர் கோயிலுக்குப் பக்கத்தில், கடலை நோக்கிப் பிளந்து நிற்கும் பாறையை ‘இராவணன் வெட்டு’ என்றுதானே சொல்கிறோம்! நோயுற்ற தாய் வணங்குவதற்காக, கோணேசரை மலையோடு பெயர்த்துக்கொண்டு போக இராவணன் வாளை ஓங்கிய இடமாம். பிறகு தாய் இறந்துவிட, ஈமக்கடன் செய்ய அவன் உண்டாக்கியவைதான் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் என்பது ஊர்க் கதை. பாசமும் பயங்கரமும் ஒரே ஆளிடம்! பயந்து பயந்தும் நாம் இப்படிப்பட்ட கதைகளைக் கேட்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மியூரா தன் கதையை முடிக்காமலே 2021இல் காலமானார். முடிவு எப்படி இருக்கும் என்று அவர் வாயாலேயே கேட்டிருந்த நண்பர் கோஜி மோரியின் மேற்பார்வையில், மியூராவின் உதவி ஓவியர்கள் மறு ஆண்டே அந்தக் கதையைத் தொடர்ந்து வரையத் தொடங்கினார்கள்.