ஒரு டம்ளர் காபிக்கு நாற்பது பழம்



காபித் தொழிலைப் பற்றி வெள்ளிமலையில் இலவச வகுப்பு நடத்தப் போகிறோம் என்று ஜும்ஆவுக்குப் பிறகு அறிவித்தபோது, ஒரு பெரியவர் என்னை ஓரமாக அழைத்துக் கேட்டார்: "நம்ம மலையில மரவள்ளியும் கடுக்காயும் புளியும்தானே பாய் விளையுது? காபியைப் பத்தித் தெரிஞ்சு நம்ம பிள்ளைங்களுக்கு என்ன ஆகப் போகுது?"

நியாயமான கேள்வி. முதல் சுற்று வகுப்புகள் அல்ஹம்துலில்லாஹ் நல்லபடியாக முடிந்துவிட்டன. அடுத்த சுற்று தொடங்கும் முன் அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வகுப்புக்கு வர முடியாத தாய்மார்களும் பெரியவர்களும் இதைப் படித்தால் சாரம் கிடைத்துவிடும்.

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், கச்சிராயபாளையம், வெள்ளிமலை என்று நம் குடும்பங்கள் இருக்கும் ஊர்களில் நம்மவர்களின் பிழைப்பை எண்ணிப் பாருங்கள். டீக்கடை, மளிகைக்கடை, சந்தையில் மலைப்பொருள் வாங்கி விற்பது. டீக்கடைக்காரர் தினமும் காபித்தூள் வாங்குகிறார். நம் அண்டை வீட்டாரான மலை மக்களில் பலர் பருவத்துக்குக் கர்நாடகக் காபித் தோட்டங்களுக்குப் பழம் பறிக்கப் போகிறார்கள். மேற்கே சேர்வராயன் மலையில், ஏற்காட்டில், 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலேயே காபி வந்துவிட்டது. ஆக, காபிச் செடி நம் வாசலில் இல்லாவிட்டாலும் காபிக் கணக்கு நம் வீட்டுக்குள் இருக்கிறது.

எமனிலிருந்து வந்த விதை

காபியின் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. செடியின் பூர்வீகம் எத்தியோப்பியா. ஆனால் அதைக் குடிக்கும் பானமாகப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் பதினைந்தாம் நூற்றாண்டு எமன் நாட்டு சூஃபிகள். இரவு வணக்கத்தில் தூக்கம் வராமல் இருக்க அதை அருந்தினார்கள். அரபியில் 'கஹ்வா' என்ற சொல்தான் துருக்கி வழியாக ஐரோப்பா போய், 'காபி'யாகி நம்மிடம் வந்து சேர்ந்தது. எமனின் மோக்கா துறைமுகத்திலிருந்து உலகுக்கே காபி போனது. முளைக்கும் விதையை மட்டும் வெளியே விடமாட்டார்கள் என்று சொல்வார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஹஜ் பயணம் போய்த் திரும்பிய பாபா புதன் என்ற பெரியார் ஏழு விதைகளைக் கொண்டுவந்து, கர்நாடகத்தின் சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்த மலைத்தொடர் இன்றும் பாபா புதன் கிரி என்றே அழைக்கப்படுகிறது.

பழம் முதல் தூள் வரை

மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால் எட்டுப் பத்து நாளில் காபிச் செடி வெள்ளையாகப் பூக்கும், மல்லிகைபோல மணக்கும். இதைப் 'பூ மழை' என்பார்கள். அந்த மழை தவறினால் அந்த ஆண்டு விளைச்சலே ஆட்டம் காணும். அரபிகா ரகம் நவம்பரிலிருந்து ஜனவரி வரை, ரொபஸ்டா அதற்குச் சற்றுப் பின்னால் பழுக்கும். எல்லாப் பழமும் ஒரே நாளில் சிவக்காது. அதனால் ஒரே செடிக்குப் பலமுறை வந்து, சிவந்ததை மட்டும் கையால் பறிக்க வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் ஒரு பெண்ணின் கை.

பறித்த பழத்துக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, அப்படியே களத்தில் கொட்டி வெயிலில் காயவைப்பது. இது 'செர்ரி'. மற்றொன்று, அன்றைக்கே இயந்திரத்தில் தோலை உரித்து, வழவழப்பு நீங்க ஊறவைத்துக் கழுவி, பிறகு காயவைப்பது. இது 'பார்ச்மென்ட்'. இரண்டாவதற்குத் தண்ணீரும் இயந்திரமும் வேண்டும், விலையும் கூடுதல். சின்ன விவசாயி பெரும்பாலும் முதல் வழியிலேயே நின்றுவிடுகிறார்.

அடுத்து 'க்யூரிங்' ஆலை. அங்கே மேல் ஓட்டை நீக்கி, சல்லடையில் தரம் பிரிக்கிறார்கள். கடையில் நாம் கேட்கும் 'பிளான்டேஷன் ஏ' என்பது 6.65 மில்லிமீட்டர் துளைச் சல்லடையில் தங்கும் கொட்டை. 'பீபெர்ரி' என்பது பழத்துக்குள் இரட்டையாக இல்லாமல் ஒற்றையாக உருண்டு விளைந்த கொட்டை. அது தனிச் செடி என்று வகுப்பில் பலர் நினைத்திருந்தார்கள். அதன் பிறகு ஏற்றுமதியாளர் அல்லது வறுக்கும் கடை, சில்லறைக் கடை, கடைசியில் நம் டம்ளர். இந்தியாவில் விளைவதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெளிநாடு போகிறது. அதிகம் வாங்கும் நாடு இத்தாலி.

மனதில் நிறுத்த வேண்டிய கணக்கு

வகுப்பில் கரும்பலகையில் எழுதிய கணக்கு இதுதான். எல்லோரையும் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னோம்.

சுமார் 6 கிலோ அரபிகாப் பழம் காய்ந்தால் சுமார் 2 கிலோ செர்ரி.
2 கிலோ செர்ரியை உடைத்தால் சுமார் 1 கிலோ பச்சைக் கொட்டை.
1 கிலோ கொட்டையை வறுத்தால் 800 முதல் 850 கிராம்.

அதாவது ஒரு கிலோ சுத்தமான காபித்தூளுக்கு 7 கிலோவுக்கும் சற்று மேல் பழம் வேண்டும். ஒரு டம்ளருக்குப் பத்து கிராம் தூள் என்று வைத்தால், அதற்குள் ஏறத்தாழ நாற்பது பழம் இருக்கிறது. ஒவ்வொன்றையும் ஒருவர் மலைச்சரிவில் நின்று விரலால் பறித்திருக்கிறார்.

நம் மரவள்ளி விவசாயிக்கு இந்த மாதிரிக் கணக்கு புதிதல்ல. சேகோ ஆலையில் கிழங்கின் மாவுச்சத்தைப் 'பாயிண்ட்' பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். பாயிண்ட் என்றால் என்னவென்று தெரிந்தவர் நின்று பேசுகிறார். தெரியாதவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருகிறார். காபியில் 'பாயிண்ட்' இருக்கும் இடத்தில் ஈரப்பதம் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த செர்ரியில் 11, 12 சதவீதமும், பார்ச்மென்டில் 10 சதவீதமும் ஈரம் இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். எடையில் கழிப்பதும் நியாயம். ஆனால் ஈரம் எவ்வளவு என்பதை மீட்டர் சொல்ல வேண்டும். வாங்குபவரின் உள்ளங்கை சொல்லக் கூடாது.

நான் எழுதிய ஒரு கணக்கு

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த உள்ளங்கைக் கணக்கை எழுதியவன் நான்.

கல்லூரி முடித்த சில ஆண்டுகளில், 1997-98 பருவத்தில், சேலம் பக்கம் ஒரு மண்டியில் கணக்கெழுதும் வேலையில் இருந்தேன். ஒருநாள் மலையிலிருந்து ஒரு பெரியவர் ஆறு மூட்டை செர்ரி கொண்டுவந்தார். மூட்டை ஐம்பது கிலோ. முதலாளி ஒரு மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்து, "ஈரம்" என்றார். மூட்டைக்கு மூன்று கிலோ ஈரக் கழிவு, ஒரு கிலோ சாக்குக் கழிவு. நான் எழுதினேன். பணத்தை எண்ணி வாங்கிய பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "கணக்கு சரியா இருக்குதுங்களா பாய்?" நான், "சரிதாங்க பெரியவரே" என்றேன். கூட்டல் கழித்தல் சரியாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அதே மூட்டைகள் போன ஆலையிலிருந்து சீட்டு வந்தது. ஈரப்பதம் அளவுக்குள், கழிவு எதுவும் இல்லை. சீட்டைக் கோப்பில் வைத்தேன். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வாய் திறக்கவில்லை. அந்தப் பெரியவர் அடுத்த பருவத்தில் வரவில்லை. அவருடைய ஊர்ப் பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

ஆறு மூட்டைக்கு நான்கு கிலோ வீதம் 24 கிலோ செர்ரி. கொட்டையாக 12 கிலோ. வறுத்தால் பத்து கிலோ. ஆயிரம் டம்ளர் காபி. மதரஸாவில் ஓதி, கல்லூரியில் வணிகமும் படித்த எனக்கு அன்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. அளவையிலும் நிறுவையிலும் குறைப்பவர்களைப் பற்றிக் குர்ஆனில் அல்முதஃப்ஃபிஃபீன் என்று தனி அத்தியாயமே இருப்பது எனக்குத் தெரியும். அது தராசைப் பிடிப்பவருக்கு மட்டும் சொன்னது என்று நினைத்திருந்தேன். பேனாவைப் பிடிப்பவருக்கும் சேர்த்துத்தான் என்று பிறகு விளங்கியது. மனிதருக்குச் சேர வேண்டிய ஹக்கை, அந்த மனிதரிடம்தான் தீர்க்க வேண்டும். என்னால் அது முடியவில்லை. நம் பிள்ளைகளில் ஒருவர்கூட அந்த நாற்காலியில் தெரியாமல் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வகுப்பு.

விலை எங்கே தீர்மானமாகிறது?

ஒரு காலத்தில் காபிக்கு ஒரே வாங்குபவர் இருந்தார். 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த காபி வாரியம் விளைச்சலைத் திரட்டி ஏலத்தில் விற்றது. பணம் தவணை தவணையாக வரும். தொண்ணூறுகளில் இது படிப்படியாகத் தளர்ந்து, 1996-இல் முழுதும் திறந்த சந்தையானது. விவசாயிக்குச் சுதந்திரம் வந்தது. பேரம் பேசும் பொறுப்பும் கூடவே வந்தது.

இப்போது அரபிகாவுக்கு நியூயார்க் சந்தை, ரொபஸ்டாவுக்கு லண்டன் சந்தை. 2001-இல் அரபிகா ஒரு பவுண்டு அரை டாலருக்கும் கீழே விழுந்தது. 2025 பிப்ரவரியில் நான்கு டாலரைத் தாண்டியது. முதலிடத்தில் இருக்கும் பிரேசிலிலும் இரண்டாமிடத்தில் இருக்கும் வியட்நாமிலும் வறட்சி வந்தால் நம் தெருக்கடையில் தூள் விலை ஏறுகிறது. ஏறிய விலை செடிக்காரருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது, அன்றைய விலை அவருக்குத் தெரிந்ததா என்பதைப் பொறுத்தது. காபி வாரியம் அன்றாட விலை நிலவரத்தை வெளியிடுகிறது. கைப்பேசி வைத்திருக்கும் எந்தப் பிள்ளையும் அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

வாங்கும் பக்கத்தில் நாம்

டீக்கடை, மளிகைக்கடை நடத்துபவர்களுக்கும் இல்லத்தரசிகளுக்கும் இரண்டு செய்திகள்.

முதலாவது, சிக்கரி. இது ஒரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. கலப்பது குற்றமல்ல, மறைப்பதுதான் குற்றம். காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எது எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும். பாதிக்குப் பாதி சிக்கரி உள்ள பாக்கெட்டுக்கு முழுக் காபியின் விலை கொடுக்கிறோமா என்று திருப்பிப் பாருங்கள். உதிரித்தூள் வாங்கினால் அரைக்கும் கடையில் விகிதத்தைக் கேளுங்கள்.

இரண்டாவது, வீட்டுச் சோதனை. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் சிறிது தூளைத் தூவுங்கள். காபி சற்று நேரம் மிதக்கும். சிக்கரி உடனே மூழ்கி, பழுப்பு நிறக் கோடு இழுத்துக்கொண்டு இறங்கும். வகுப்பில் பெண்கள் இதைச் செய்து பார்த்தபோது அறையே கலகலப்பானது. ஒரு சகோதரி தன் கடைத் தூளைப் பையில் கொண்டுவந்து சோதித்துவிட்டு, "இனிமே வாங்குற இடத்துல கேள்வி கேப்பேன்" என்றார்.

அடுத்த சுற்று

இன்ஷா அல்லாஹ், அடுத்த சுற்றும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், அஸருக்குப் பிறகு. முதல் நாள் செடியும் பறிப்பும். இரண்டாம் நாள் காயவைத்தல், ஈரப்பதம், தரம். மூன்றாம் நாள் எடை, கழிவு, ரசீது எழுதுதல். இந்த நாளில் ஈரமானியைக் கையில் கொடுத்துப் பழக்குவோம். நான்காம் நாள் வறுத்தல், கலவை, கடைக் கணக்கு. கட்டணம் இல்லை. பெண்களுக்குத் தனி இடவசதி உண்டு. எந்தச் சமயத்தவரும் வரலாம். தோட்ட வேலைக்குப் போகும் மலைச் சகோதரர்களை நீங்களே கையோடு அழைத்து வாருங்கள்.

சந்தையில் மலைப்பொருள் வாங்கும் நம் வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். புளியோ கடுக்காயோ காபியோ எதுவானாலும், முத்திரையிட்ட தராசில் நிறுத்து, கழிவு எதற்கு எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லி, துண்டுச் சீட்டிலாவது எழுதிக் கொடுங்கள். அதனால் லாபம் சற்றுக் குறையலாம். ஆனால் விற்றவர் அடுத்த பருவமும் உங்கள் கடையைத் தேடி வருவார். அதில்தான் பரக்கத் இருக்கிறது.

என்னைக் கேள்வி கேட்ட அந்தப் பெரியவர் நான்கு வாரமும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடைசி நாள், "கடுக்காய்க்கும் இதே மாதிரி ஒரு கணக்கு இருக்கணுமே பாய்?" என்றார். இருக்கிறது. அதுவே எங்கள் அடுத்த வேலை. துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்