ஷிராஸில் மிளகு மணக்கிறதா?

ஷிராஸ் என்ற ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின் பாட்டிலின் பின்பக்க லேபிளில் ‘மிளகு மணம்’ என்று போட்டிருந்தால், விற்கிறவர்களின் அலங்காரப் பேச்சு என்றே தோன்றும். புகையிலை, பழைய தோல், ஈர மண் என்று ஒயின்காரர்கள் அள்ளிவிடுவதில் பாதியை அப்படி ஒதுக்கிவிடலாம்தான். மிளகை ஒதுக்க முடியாது. அது அசல் மிளகின் மணமேதான்.

அடிலெய்டில் இருக்கும் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008-ல் இதை வெளியிட்டார்கள். ஷிராஸின் அந்த வாசத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற மூலக்கூறு. நம் அஞ்சறைப் பெட்டி மிளகுக்கு மணம் தருவதும் அதுவே. நலங்கு மாவில் சேர்க்கிற கோரைக்கிழங்கில் இது இருப்பது முன்பே தெரியும். மிளகு மணக்க இதுதான் காரணம் என்பது அதுவரை யாருக்கும் பிடிபடவில்லை. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். கணக்குப் போட்டால், ஒரே ஒரு கிராம் 6 கோடி லிட்டருக்குக் காணும்! திராட்சைத் தோலில்தான் இது சேர்கிறது. குளிர்ந்த பகுதிகளில் விளையும் பழத்தில் கூடுதலாக.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஆய்வுக்காக முகர்ந்து பார்த்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசம் தெரியவே இல்லை. தண்ணீரில் லிட்டருக்கு 4,000 நானோகிராம் கலந்து கொடுத்தும் ஊஹூம். ஆகவே ஒரே பாட்டிலைப் பகிர்கிற இருவரில் ஒருவர் “நல்ல மிளகு வாசம்” என்று சொல்ல, மற்றவர் “எங்கே?” என்று கேட்டால் இருவருமே பொய் சொல்லவில்லை.

மணத்தை நன்றாகப் பிடிக்க, கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். மெல்லச் சுழற்றினால் ஒயின் கிளாஸின் சுவரில் படர்ந்து, மணம் ஆவியாகி மேலே தேங்கும். முகர்ந்தபின் ஒரு மடக்கு எடுத்து, வாயில் உருட்டி, விழுங்கிவிட்டு மூக்கு வழியே மூச்சை விடுங்கள். தொண்டைக்குப் பின்புறமாக மணம் மறுபடி மூக்குக்கு ஏறும். நாக்கில் உணர்வதாக நாம் நினைக்கிற ருசியில் பெரும்பகுதி இந்தப் பின்வாசல் வழியாக வருவதுதான். சளி பிடித்த நாளில் குடித்தால் புளிப்பும் கசப்பும் துவர்ப்பும்தான் மிஞ்சும்.

கண்ணை மட்டும் அதிகம் நம்பிவிடக் கூடாது. பிரான்சின் போர்டோவில் ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு, மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கென்றே உள்ள சொற்களால் அவர்கள் அதை வர்ணித்தார்கள். 2001-ல் வெளியான ஆய்வு இது.

‘அறை வெப்பநிலையில் பரிமாறவும்’ என்பது ஐரோப்பியப் பழைய வீடுகளுக்குச் சொன்னது. அங்கே அறை என்றால் 16, 18 டிகிரி. நம் வீட்டு 32 டிகிரியில் ஆல்கஹால் நெடி முந்திக்கொண்டு மூக்கில் ஏறும், மிளகு அதில் அமுங்கிப்போகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் தேவலை. (இதயத்துக்கு நல்லது என்று யாராவது சொன்னதை நம்பித் தொடங்காதீர்கள். ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது.)

விழுங்கியதும் நாக்கால் மேல்பற்களின் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று இருக்கும். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து இறங்கிய டேனின், உமிழ்நீரின் வழுவழுப்புக்குக் காரணமான புரதங்களைப் பற்றிக்கொண்டு திரித்துவிடுகிறது. வாழைப்பூவையோ கடுக்காயையோ பச்சையாகக் கடித்தால் வாய் இழுப்பதும் இதே டேனின் வகையறாவால்தான். நாம் துவர்ப்பை அறுசுவையில் சேர்த்தோம்; விஞ்ஞானிகள் பலர் அதைத் தொடுவுணர்வின் கணக்கில் எழுதுகிறார்கள். கூடவே ஒரு துண்டு சீஸ் வைத்துக்கொள்ளுங்கள். அதன் கொழுப்பும் புரதமும் டேனினை இழுத்துக்கொள்வதால், அடுத்த மடக்கு அவ்வளவாக வாயைப் பிடிக்காது.