தட்டில் விழுந்த முட்டை உடம்பில் ஒட்டுகிறதா?

“என்ன போட்டாலும் புள்ளைக்கு உடம்புல ஒட்டவே மாட்டீங்குதுங்க.” சேலம், நாமக்கல் பக்கத்துத் தாய்மார்களின் வாயில் அடிக்கடி வரும் பேச்சு இது. தமிழ்நாட்டின் முட்டைக் களஞ்சியத்தில் இருந்துகொண்டு இப்படிச் சொல்ல நேர்வதுதான் வேதனை.

நாமக்கல்லைச் சுற்றியுள்ள கோழிப்பண்ணைகளிலிருந்து தினமும் கோடிக்கணக்கான முட்டைகள் லாரி ஏறுகின்றன. சத்துணவுக்கூடங்களுக்குப் போகும் முட்டைக்கும் இந்த மண்ணே ஆதாரம். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், 1989-ல் கலைஞர் ஆட்சியில்தான் முட்டை சேர்ந்தது. அப்போது இரண்டு வாரத்துக்கு ஒன்று. 1998-ல் அது வாரத்துக்கு ஒன்றானது. 2010 முதல் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை. சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. வளரும் பிள்ளைக்கு இது பெரிய வரம்.

ஆனால், முட்டையால் மட்டும் எல்லாம் நிறைந்துவிடாது. அதிலுள்ள இரும்புச்சத்து குறைவு. அதையும் உடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. வைட்டமின் சி அறவே இல்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலும், 15 முதல் 49 வயது வரையிலான பெண்களிலும் பாதிக்கு மேல் ரத்தசோகை. பள்ளிப் பருவத்திலும் இந்தக் குறை தொடர்ந்தால் பாடத்தில் கவனம் நிற்காது, விளையாட்டில் மூச்சு வாங்கும்.

மருந்து வீட்டு வாசலிலேயே நிற்கிறது. முருங்கைக்கீரை, ராகி, பச்சைப்பயறு. கூடவே ஒரு நெல்லிக்காயோ, கொய்யாவோ, பிழிந்த எலுமிச்சையோ இருந்தால் அந்த இரும்பு உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ கொடுத்தால் சேர வேண்டியதும் சேராது. பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினால் சில பிள்ளைகளுக்குக் குமட்டும். அதற்குப் பயந்து மாத்திரையைத் தூக்கிப்போடுவதும் உண்டு. சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள்.

வயிற்றில் ஒரு பங்காளி

சில பிள்ளைகளின் சோற்றில் பங்கு கேட்கக் குடற்புழு காத்திருக்கிறது. வெறுங்காலோடு மண்ணில் நடக்கும்போது கொக்கிப்புழு தோல் வழியே உள்ளே போகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சுகிறது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரை அதற்காகத்தான். அன்று விடுப்பு எடுத்த பிள்ளைகளுக்கு விடுபட்டோருக்கான முகாம் நாளில் தருவார்கள். அதையும் தவறவிடாதீர்கள். காலில் செருப்பு, சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கைகழுவுதல் இரண்டும் கட்டாயம்.

காலை வயிறு

பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் அப்பா அம்மா இருவரும் தறிக்குப் போகும் வீடுகள் ஏராளம். அவசரத்தில் ஒரு டம்ளர் டீயோடு பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இந்தக் குறையைத்தான் போக்கியது. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சாம்பாரோடு சூடாகக் கிடைக்கின்றன. ஆனால், இது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்பில் கால் வைக்கும் பிள்ளை மறுபடி வெறும் வயிற்றோடு போகாமல் பார்ப்பது வீட்டின் கடமை. இரவு ஊறவைத்த பழைய சோறும் மோரும் போதும். தயிர் சாதம் போதும்.

தண்ணீரையும் கவனியுங்கள். நம் பகுதியில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை அதன் அடையாளம். காய்ச்சினாலும் அது போகாது. குடிப்பதற்குக் காவிரிக் கூட்டுக் குடிநீரைப் பிடித்து வையுங்கள். கழிப்பறை சரியில்லை என்று நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகளையும் கேட்டறியுங்கள். சிறுநீர்த் தொற்று அங்கேதான் தொடங்குகிறது.

அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். மதிப்பெண் கேட்பதற்கு முன்னால் சமையற்கூடம், தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை மூன்றையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். முட்டையைத் தட்டு வரை கொண்டுவந்தது அரசு. அதைப் பிள்ளையின் உடம்பில் ஒட்டவைப்பது நம் கையில்தான் இருக்கிறது.