எட்டு மணி நேரம் நின்றவனுக்கு எதற்கு ஜிம்?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடம் போகும் வழியில் இருக்கிறது சேரப்பணஞ்சேரி. ஷிப்ட் மாறும் நேரத்தில் இந்தச் சாலை முழுக்கக் கம்பெனி பஸ்கள்தான். நைட் ஷிப்ட் முடித்து இறங்கும் பையன்களில் சிலர் ரூமுக்குப் போகாமல் நேராக ஜிம்முக்குப் போகிறார்கள். தோள்பையின் ஓரத்தில் ஷேக்கர் பாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இவர்களிடம் ஒரு கேள்வி கேட்பார்கள்: "ராத்திரி பூரா நின்னுக்கிட்டே வேலை பாத்துட்டு வர்ற. அதுக்கு மேல எதுக்குடா எக்சர்சைஸ்?"

நியாயமான கேள்விதான். ஆனால், விடை நாம் நினைப்பதுபோல் இல்லை. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2021இல் வெளியானது. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைவாக இருந்தன. வேலையிலேயே உடல் உழைப்பு அதிகம் உள்ளவர்களுக்கோ அவை கூடுதலாக இருந்தன. புகைப்பழக்கம், கல்வி போன்ற வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். இதை வைத்து வேலைதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. இருந்தாலும் ஒரு விளக்கம் பொருந்தி வருகிறது. உடற்பயிற்சி என்பது அரை மணி நேரம் இதயத்தை வேகமாக ஓடவிட்டு, பிறகு அதற்கு ஓய்வு கொடுப்பது. உடம்பு தேறுவது அந்த ஓய்வில்தான். அசெம்பிளி லைனில் நிற்பவருக்கு அந்த ஓய்வு கிடையாது. போல்ட் முடுக்கும் டார்க் கன்னைப் பிடித்த அதே வலது தோள், அதே அசைவு, ஷிப்ட் முழுக்க. இதயம் வலுப்பெறும் அளவுக்கு அது கடினமும் இல்லை, தோள் தேறும் அளவுக்கு இடைவெளியும் இல்லை. ஆகவே வேலை எக்சர்சைஸ் ஆகாது. ஜிம்முக்குப் போவதில் தப்பில்லை. எந்த நிலையில் போகிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

களைப்பு எங்கிருந்து வருகிறது? "லாக்டிக் ஆசிட் ஏறிடுச்சு" என்பது ஜிம் மாஸ்டர்களின் நிரந்தர விடை. பாவம், செய்யாத குற்றத்துக்குப் பல காலமாகத் தண்டனை அனுபவிக்கிறது அந்த ஆசிட். உண்மையில் லாக்டேட்டை இதயம் எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கிறது. பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் அதன் அளவு பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை வலிப்பது தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவால்.

களைப்பில் பாதி தசையில் இருக்கிறது என்றால் மீதி தலையில். வேல்ஸில் 2009இல் நடந்த ஒரு சோதனை எனக்குப் பிடித்தமானது. 16 பேரை 90 நிமிடம் கணினித் திரையைக் கூர்ந்து பார்க்கும் வேலையில் உட்காரவைத்து, பிறகு சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். சும்மா படம் பார்த்துவிட்டு வந்து மிதித்த நாளில் சராசரியாக 754 நொடி தாங்கினார்கள். மூளைக்கு வேலை கொடுத்த நாளில் 640 நொடிதான். இதயமும் நுரையீரலும் இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் வேலை செய்தன. முதல் நிமிடத்திலிருந்தே அதிகக் கஷ்டமாகத் தோன்றியது, அவ்வளவுதான். குவாலிட்டி செக்கிங்கில் ராத்திரி முழுக்கக் கீறல் தேடிய கண்ணுக்கு, வழக்கமான எடை ஏன் கனக்கிறது என்று இப்போது புரியும்.

இங்கேதான் ப்ரீ-ஒர்க்அவுட் பவுடர் உள்ளே வருகிறது. அதில் பெரும்பங்கு வேலையைச் செய்வது கஃபீன். விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது தன் இடத்தில் போய் உட்கார்ந்தால் தூக்கம் வரும். கஃபீன் செய்வது பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் வேலை. அடினோசின் இறங்கிப் போய்விடவில்லை, பக்கத்திலேயே நிற்கிறது. துண்டை எடுத்ததும் மொத்தமாக உட்கார்ந்துவிடும்.

கஃபீனால் ஓட்டமும் எடைத் தூக்கலும் சற்றுக் கூடுவது உண்மைதான். பிரச்சினை நேரத்தில் இருக்கிறது. படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு எடுத்த 400 மில்லிகிராம் கஃபீன்கூடத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றுவிடுகிறது என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. காலை 7 மணிக்கு ஸ்கூப் போட்டுவிட்டு 9 மணிக்குப் படுப்பவரின் கதை என்ன? ஷீட் கூரையின் கீழே, பகல் வெளிச்சத்தில், ஏற்கெனவே அரைத்தூக்கம் தூங்குபவர் அவர். ஒரே ஓர் இரவு தூங்காமல் இருந்தால் தசையில் புரதம் சேரும் வேகம் 18% குறைகிறது என்பது 2021இல் 13 இளைஞர்களிடம் அளந்து கண்டது. தசை வளரத்தான் பவுடர் வாங்கினார். தசையை வளர்க்கும் தூக்கத்தை அந்தப் பவுடரே தின்கிறது.

வீடு திரும்பும் பைக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவருடையதற்குச் சமம் என்று 1997இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. நம் சட்டம் அனுமதிக்கும் அளவே 30 மில்லிகிராம்தான். ஊதச் சொன்னால் கருவி எதையும் காட்டாது.

அடுத்தது புரோட்டீன் பவுடர். அது மருந்துமல்ல, விஷமுமல்ல; பெரும்பாலும் பாலிலிருந்து எடுத்த உணவு. சராசரி மனிதருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது ஐசிஎம்ஆர். 65 கிலோ ஆளுக்கு 54 கிராம். எடை தூக்குபவர்களுக்கு 1.6 கிராம் வரை பலன் உண்டு, அதற்கு மேல் பெரிதாக இல்லை. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம். கேன்டீன் சாப்பாட்டோடு இரண்டு முட்டையும் மாலையில் ஒரு கிண்ணம் சுண்டலும் சேர்ந்தாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

டப்பாவில் எழுதியிருப்பதை நம்பலாமா? கேரள மருத்துவர்கள் 2024இல் சந்தையிலிருந்த 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்தபோது, ஏறத்தாழ 70% டப்பாக்களில் புரத அளவு சொன்னபடி இல்லை. லேபிளில் இல்லாத பொருள் உள்ளே இருந்தால் போட்டிகளில் ஆடுபவருக்குத்தான் பெரிய ஆபத்து. தெரியாமல் எடுத்தேன் என்றாலும் விதிப்படி பொறுப்பு அவருடையதே. திருச்சி முடிகண்டம் கோமதி மாரிமுத்து 2019இல் தோஹாவில் 800 மீட்டரில் தங்கம் வென்றதும், நான்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்துக்கான சோதனையில் சிக்கி 4 ஆண்டுத் தடையோடு அந்தப் பதக்கத்தை இழந்ததும் நமக்கு மறந்திருக்காது. தடை செய்யப்பட்ட எதையும் எடுக்கவில்லை என்றுதான் அவர் சொன்னார்.

பவுடர்களில் சொன்ன வேலையைச் செய்வது கிரியேட்டின். முழு மூச்சில் தூக்கும் முதல் பத்து நொடிக்கான எரிபொருளைத் தசையில் கூட்டி வைக்கும். தினம் 3 முதல் 5 கிராம் போதும். எடை ஒன்றிரண்டு கிலோ கூடினால் முதலில் அது தசைக்குள் சேர்ந்த தண்ணீர். இன்னொன்று: கிரியேட்டின் எடுப்பவரின் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு சற்றுக் கூடுதலாகத் தெரியலாம். கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் சிறுநீரகத்துக்குப் பார்க்கும் அளவும் அதுதான். ரத்தம் கொடுக்கும்போதே டாக்டரிடம் பவுடர் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு ஏற்கெனவே உள்ளவர் என்றால், டப்பாவை வாங்குவதற்கு முன்பே.